ஒமாஹாவா, டல்சாவா

உலக நகரங்களை ஒப்பிட்டு ஆராய்வதில் இன்று முன்னணியில் நிற்பது பெரிய பல்கலைக்கழகங்கள் அல்ல. எங்கள் ரப்பர் தோட்டத்து மக்கள் நலச் சங்கம்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சங்கத்தின் செயலாளர். கூட்டக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. ஆதாரத்தோடுதான் பேசுகிறேன்.

எங்கள் தலைவர் தர்மலிங்கம் அண்ணனின் மகள் ஷீலா, பினாங்கில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் எஞ்சினியர். கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு மாற்றுவதாகவும், ஒமாஹா, டல்சா என்ற இரண்டு நடுத்தர நகரங்களில் ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு வந்த கேள்வி தோட்டத்துக்கே வந்த கேள்வி அல்லவா? நிகழ்ச்சி நிரலில் அதை முதலாவதாகப் போட்டோம்.

அதே வாரம் தோட்ட நிர்வாகத்திடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. நிலம் விற்கப்பட்டுவிட்டது. தொழிலாளர்களுக்கான லயன் வீடுகளில் மிச்சமிருக்கும் இருபத்து மூன்று குடும்பங்களும் வெளியேற வேண்டும். கரங்கானில் தரை வீடு, அல்லது திகாம் பத்துவில் லிப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடி. எது வேண்டும் என்று சங்கம் முத்திரை குத்தி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் நிர்வாகமே முடிவு செய்யும். இந்தக் கடிதத்தை நான் 'பொது' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன்.

எங்கள் சங்கத்தில் எதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. குடியிருப்பு, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் 'பொது'வில்தான் வரும். 'பொது' எப்போதும் கடைசியில் வரும். அதற்குள் எல்லோருக்கும் சாப்பிட மீகூன் சேமியாப் பொட்டலம் வந்துவிடும். மீகூன் வந்தால் கூட்டம் முடிந்தது. முப்பது வருடமாக இந்த மரபைக் கட்டிக் காத்து வருகிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆய்வு சூடு பிடித்தது. துணைத் தலைவர் ஏசுதாசன் கைத்தொலைபேசியைப் பார்த்து அறிக்கை வாசித்தார்.

"ஒமாஹாவுல பனி கொட்டும்ணே. நாம வாசல் கூட்டுற மாதிரி அவங்க பனிய அள்ளிப் போடணும்."

"டல்சாவுல?" என்றார் தலைவர்.

"அங்க சூறாவளி. கூரையத் தூக்கிட்டுப் போயிருமாம்."

"அது ஒரு குறையா லா?" என்றார் பொருளாளர் அழகேசன். "நம்ம மண்டபத்துக் கூரை பறந்து ஆறு வருசம் ஆச்சு. நாம கூட்டம் போடாமயா இருக்கோம்?"

இந்த வாதத்தின் ஆழம் குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது. தலையில் வெயில் பட்டபடியே பதிவு செய்தேன்.

கதவோரம் உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளி அக்கா எழுந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். முட்டி இரண்டும் போய்விட்டது. தனியாக லயன் வீட்டில் இருக்கிறார்.

"தம்பி, வீடு விசயமா வந்த அந்த சூராட்டுக்குப் பதில் என்னாச்சு? எல்லார் வீட்லயும் கேட்டுட்டேன். கரங்கான்தான் வேணுங்கிறாங்க. நாலு மாடி என்னால ஏற முடியாதுப்பா."

"அக்கா, அது 'பொது'ல வரும்," என்றார் தலைவர். "வரிசையா போவோம் லா."

மீகூன் வந்தது.

இரண்டாவது வாரம் 'நகர ஒப்பீட்டு ஆய்வுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. ஒமாஹா மாட்டிறைச்சிக்குப் பேர் போன ஊர் என்று அழகேசன் கண்டுபிடித்துச் சொன்னதும் தலைவர் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். கட்டாயப்படுத்தி ஊட்ட மாட்டார்கள் என்று ஏசுதாசன் உறுதியளித்த பிறகே தலைவர் தண்ணீர் குடித்தார். கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும் என்பது பற்றி இரண்டு வாரம் பேசினோம். ஐந்தாவது வாரம் டல்சாவில் பஸ் குறைவு என்ற தகவல் வந்தது.

"பஸ் இல்லாத ஊர்ல மனுசன் எப்படி இருப்பான்?" என்று தலைவர் கலங்கினார்.

எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ் நின்று ஒன்பது வருடமாகிறது. ஆனால் தலைவர் சுங்கை பட்டாணிக்குக் குடிபோய்ப் பதினைந்து வருடம். நானும் கரங்கானில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிப் போனவன்தான். செயற்குழுவில் யாருமே இப்போது லயன் வீட்டில் இல்லை. தோட்டத்தைத் தள்ளி நின்று முழுமையாகப் பார்க்க இது மிகவும் வசதி.

ஏழாவது வாரம் புஷ்பவள்ளி அக்கா கூட்டத்துக்கு முன்பே வந்து என் மேசை அருகில் நின்றார்.

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு தம்பி. முத்திரை உன் பையிலதானே இருக்கு? குத்திக் குடேன். நானே ஆபீஸ்ல போய்க் குடுத்துடுறேன்."

முத்திரை என் பையில்தான் இருந்தது. மையும் இருந்தது. தீர்மானம் இல்லாமல் முத்திரை குத்துவது விதிக்கு முரண் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்றைக்குப் பனி அள்ளும் கருவிகளின் வகைகள் பற்றிப் பேச்சு நீண்டது. பிறகு மீகூன் வந்தது.

பதினொன்றாவது வாரம் வாக்கெடுப்பு. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஒமாஹா வென்றது. தலைவர் அங்கேயே மகளைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தார்.

"பாப்பா, சங்கம் முடிவு பண்ணிருச்சும்மா. ஒமாஹா."

"அப்பா, நான் டல்சான்னு லெட்டர் வந்த அன்னிக்கே பதில் போட்டுட்டேன்லா. ரெண்டு வாரத்துல சொல்லணும்னு போட்டிருந்தாங்க. உங்ககிட்ட சொன்னேனே."

தலைவர் எங்களைப் பார்த்தார். "சொன்னா. அப்ப நான் கூட்டத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன்."

புஷ்பவள்ளி அக்கா எழுந்து வந்து ஒரு புதிய கடிதத்தை மேசைமேல் வைத்தார். குறித்த தேதிக்குள் சங்கத்திடமிருந்து பதில் வராததால் இருபத்து மூன்று குடும்பங்களுக்கும் திகாம் பத்து, நான்காம் மாடி. தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை 'பொது'ல..." என்று ஆரம்பித்தார்.

யாரும் மீகூனைத் தொடவில்லை.

போன வாரம் திகாம் பத்து போனேன். அறுபத்து நான்கு படி. இரண்டாம் மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா கீழே இறங்கி மூன்று வாரமாகிறதாம். பக்கத்து வீட்டுப் பையன்தான் பாசாரிலிருந்து காய் வாங்கி வந்து தருகிறானாம். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

"ஷீலா எப்படி இருக்கா தம்பி? ஊர் நல்லாருக்காமா?"

"நல்லா இருக்காக்கா. தரை வீடுதான் எடுத்திருக்கா."

"நல்லாருக்கட்டும்." ஜன்னல் வழியே கீழே தெரிந்த சாலையைப் பார்த்தபடி சொன்னார். "அவ பதில அவளே எழுதிக்கிட்டா. எங்க பதில எழுதத்தான் தம்பி உங்கள வச்சிருந்தோம்."