மாஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

குழந்தை பிறக்கட்டும், பூமியே பிளக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. மாஸ்டர் இந்த முடிவை எடுத்தது மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்கு அடியில் நின்றுகொண்டு.

அதை ஆசை என்று சொல்ல முடியாது. உயிர்ப் பிரச்சினை என்றுதான் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. வாரம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கையில் ஸ்டீரிங்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவருடைய வலது கால் அவர் பேச்சையே கேட்காத நிலைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் தரையை அழுத்தும். சினிமாவில் யாராவது வளைவில் வேகமாகத் திரும்பினால் முன் சீட்டுக்காரரை உதைத்துவிடும். அந்தக் கால் நிம்மதியாக நீட்டிக் கிடப்பது ஞாயிறு மத்தியானம் மட்டும்தான்.

இப்போது அவர் மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மாஸ்டர்," என்றார் எதிர் ஃப்ளாட் ஆடிட்டர். இரண்டு பிள்ளை பெற்ற அனுபவசாலி. வாயில் இரண்டு துணிக் கிளிப்பைக் கவ்விக்கொண்டே பேசினார். "டயபர் மாத்தத் தெரியுமான்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"உண்மையிலேயே தெரியாதே!"

"தெரிஞ்சாலும் தெரியாது. குளிப்பாட்ட? தெரியாது. தூங்க வைக்க? தெரியாது. தெரிஞ்சவன் தலையிலதான் வேலை விழும். தெரியாதவன் போய்ப் படுத்துத் தூங்கலாம்."

"அப்ப நீங்க?"

ஆடிட்டர் ஒரு குட்டிச் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப்பைச் செருகினார். "நான் முதல் வாரமே தெரியும்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

"இந்த விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், சார்."

"சேச்சே, என்ன மாஸ்டர்! நான் ஆடிட்டர்!"

நியாயம்தான். எத்தனையோ பேருடைய கணக்கு வழக்கு அவர் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தன் வீட்டம்மா முன்னால் உட்கார்ந்தால் அந்த மனிதருக்கு வாயில் எதுவும் தங்காது. இது மாஸ்டருக்குத் தெரியாது. அந்த வீட்டம்மாவும் மாஸ்டர் மனைவியும் சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள் என்பது தெரியும். ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

மாஸ்டர் திட்டத்தில் சும்மா இறங்குகிற ஆள் இல்லை. தெரியாத மாதிரி நடிக்க வேண்டுமென்றால் முதலில் என்னவெல்லாம் தெரியக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஒரு மாணவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் காரிலேயே உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தார். கழுத்தை எப்படித் தாங்குவது, தண்ணீரின் சூட்டை எப்படிப் பார்ப்பது, ஏப்பம் வர முதுகில் எங்கே தட்டுவது, எல்லாம் பார்த்தார். பிடிபடாதவற்றைத் திரும்பவும் பார்த்தார். கொஞ்ச நாளில், குழந்தை வளர்ப்பு பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நிலைமைக்கு வந்து, இனி தைரியமாகத் தெரியாது என்று சொல்லலாம் என்று நிம்மதியடைந்தார்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். மாஸ்டர் இதையும் யோசித்திருக்கலாம்.

முதல் சோதனை தொட்டில் உருவத்தில் வந்தது. பெரிய அட்டைப்பெட்டியில், துண்டு துண்டாக, ஒரு பை நிறையத் திருகாணியோடு.

"ஏங்க, இதை மாட்டத் தெரியுமா?"

"தெரியாதும்மா." வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. மாஸ்டருக்கே பெருமையாக இருந்தது.

"பரவாயில்லை, நானே பாத்துக்கறேன்," என்று அவள் முக்காலியில் உட்கார்ந்து திருப்புளியைக் கையில் எடுத்தாள். நீளத் திருகாணியைக் குட்டை ஓட்டையில் வைத்தாள். இடது பலகையை வலது பக்கம் நிறுத்தினாள். மாஸ்டர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. அவள் திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"ஐயோ, நிறுத்து நிறுத்து! அது அந்தப் பக்கம் இல்லை! குடு இப்படி!"

தொட்டில் எழுந்து நின்றபோது டீ ஆறிப்போயிருந்தது. "தெரியாதுன்னீங்களே?" என்று அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். தொட்டில் மரவேலை, குழந்தை வேலையில் சேராது என்று மாஸ்டர் தன் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

குழந்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தது. பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து நீட்டியபோது மாஸ்டர் இரண்டடி பின்னால் போனார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார். அதில் நடிப்பு இல்லை. பார்த்த வீடியோ அத்தனையும் மறந்துவிட்டது.

"யாருக்குத்தான் தெரியும்? பிடிங்க சார்," என்று நர்ஸ் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு துண்டுக்குள் ஒரு முகம். அது கொட்டாவி விட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அவர் பத்திரமாக ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இவ்வளவு பயம் ஒருநாளும் வந்ததில்லை. இவ்வளவு சந்தோஷமும் வந்ததில்லை. கண் கலங்கியதை மறைக்கத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாளே டயபர் பிரச்சினை எழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியலையே. சரி, குத்துமதிப்பா மாட்டிடலாம்." அவள் முன்பக்கத்தைப் பின்பக்கம் வைத்தாள். ஒட்டுகிற பட்டையைத் தன் வளையலில் ஒட்டிக்கொண்டாள். மாஸ்டர் கூரையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். கால் தரையைத் துளைத்துவிடும் போலிருந்தது.

"தள்ளும்மா!"

மாட்டி முடித்துத் தூக்கிக் காட்டினார். கடையில் பார்வைக்கு வைத்த பொம்மை போல இருந்தது குழந்தை. "அடேங்கப்பா! எனக்கு இந்தக் கை வரவே வராதுங்க," என்றாள் அவள். எந்த மாணவரும் மாஸ்டரைப் பார்த்து இப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் லைசென்ஸ் வந்ததும் மறந்துபோகிறவர்கள். மனுஷன் உருகிவிட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கைமாறியது. அவள் குளியல் தொட்டித் தண்ணீரில் விரல் நுனியை வைத்துவிட்டு, "சூடு சரியா இருக்கு போலிருக்கு," என்றாள். "போலிருக்காவது! முழங்கையை வச்சுப் பாக்கணும்!" என்று மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். குளியல் போயிற்று. பால் கொடுத்து முடித்து, ஏப்பத்துக்காக அவள் குழந்தையின் இடுப்பில் தட்டினாள். "அங்க தட்டினா எப்படி வரும்? தோள்ல போடு, தோள்ல! கழுத்து, கழுத்து!" ஏப்பமும் போயிற்று. துணியில் சுற்றச் சொன்னால், அவள் சுற்றிய சுற்றில் குழந்தையின் ஒரு கை வெளியே வந்து டாட்டா காட்டியது. அதுவும் போயிற்று. பால் கொடுப்பதில் மட்டும் மாஸ்டரால் ஒன்றும் குறை சொல்ல முடியவில்லை. அதனால் அது அவளிடமே இருந்தது.

முதல் ஞாயிறு வந்தது. மாஸ்டர் தூங்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்து போனது. தன் தூக்கத்தை யார் எடுத்துக்கொண்டது என்று யோசித்தால், ஒவ்வொரு தடவையும் தானேதான் எழுந்து போய்க் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது? அவள் ஒரு வேலைகூடச் சொல்லவில்லையே.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம், மனைவியின் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். பல வருஷமாக வெளிநாட்டில் இருந்தவள். குழந்தை மாஸ்டர் மார்பில் கவிழ்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. தோளில் ஏப்பத் துணி.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க," என்றாள் அக்கா.

"என்ன பண்றது, உங்க தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியலை. நான்தான் சொல்லிக்குடுத்துட்டு வரேன்."

"யாருக்கு? இவளுக்கா?" அக்கா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சோபாவில் உட்கார்ந்தாள். "என் ரெட்டைப் பசங்க ரெண்டையும் நடக்கிற வரைக்கும் குளிப்பாட்டித் தூங்க வச்சதே இவதான்! நாங்க வெளிநாடு போனப்புறம்தானே உங்க கல்யாணம். ஒரு கையில ஒண்ணு, இன்னொரு கையில ஒண்ணு. எனக்கு டயபர் மாட்டச் சொல்லிக்குடுத்ததே இவதான்!"

மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாடி முன்னால் நின்று பொட்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார், குரல் எழும்பாமல். குழந்தை தூங்குகிறதே.

"தெரிஞ்சவன் தலையிலதான் வேலை விழுமாமே," என்றாள் அவள் கண்ணாடியிடம். "தெரியாதவங்க போய்த் தூங்கலாமாம். எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க."

மாஸ்டருக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்தது. ஆடிட்டர் வாயில் இருந்த இரண்டு கிளிப்பும் ஞாபகம் வந்தது. அவற்றை அந்த வாயிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்திருக்கலாம்.

"சரிங்க, நாங்க கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறோம். பால் இப்பத்தான் குடுத்தேன்," என்று அவள் ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள்.

"அது கார் சாவி."

"ஆமாங்க."

"யாரு ஓட்டுவா? கல்யாணமான புதுசுல சொல்லிக்குடுத்துப் பாத்தேனே, உனக்கு கியர் மாத்தவே வரலையே!"

"நான் கியர்ல கை வைக்கிறதுக்குள்ள நீங்க மாத்திடுவீங்களே. ஸ்டீரிங்கையும் பிடுங்கிடுவீங்க. அதான் நம்ம பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்ல சேந்து கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வாங்கி ரொம்ப நாளாச்சு."

அந்தப் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்கூல்! மாஸ்டரின் பரம எதிரி! ரெட்டைப் பசங்கள் விஷயத்தைக்கூட மன்னித்துவிடலாம்.

"அப்ப இத்தனை வருஷமா எங்க போகணும்னாலும் என்னை..."

"கொண்டுபோய் விடறேன்னு நீங்க சொல்லும்போது வேண்டாம்னா சொல்வாங்க?"

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மாஸ்டர் அசையவில்லை, மார்பில் குழந்தை. ஜன்னலுக்குக் கீழே கார் கிளம்பியது. நெருக்கமான அந்த வாசலில் அவருடைய நல்ல மாணவர்களே மூன்று தடவை முன்னும் பின்னும் போவார்கள். அவள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து வெளியே போனாள். கிளட்ச் ஒருமுறைகூட முனகவில்லை. வலது கால் அழுத்தத் தயாராக இருந்தது, ஆனால் அழுத்த ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்ததும், வாசலிலேயே மாஸ்டர் தீர்ப்பைச் சொன்னார். "இதோ பாரு. இனிமே உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆளுக்குப் பாதி."

"நியாயம்தாங்க," என்றாள் அவள், மறுபேச்சு பேசாமல். "குடுங்க குழந்தையை. நீங்க போய்த் தூங்குங்க."

மாஸ்டர் படுத்தார். காலை நீட்டினார். ஜெயித்துவிட்டோம்! கண்ணை மூடினார். மார்பு லேசாக இருந்தது. ரொம்பவே லேசாக இருந்தது. புரண்டு படுத்தார். அந்தக் கதகதப்பு இல்லை. வாசனை இல்லை. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன விரலைக் காணோம். ஹாலில் ஒரு சிணுங்கல் கேட்டது. கால் கட்டில் சட்டத்தை அழுத்தியது. உடனே சிணுங்கல் நின்றது. நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்து ஹாலுக்கு வந்தார். அக்கா சோபாவில் கண் அயர்ந்திருந்தாள். அவர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டு, சரியான இடத்தில், சரியான பக்குவத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே கை அழகாக இருந்தது. சொல்வதற்கு ஒரு குறைகூட இல்லை. மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கொஞ்ச நேரம்... என்கிட்ட குடேன்."

"தூங்கலை?"

"வரலை."

"அப்ப குளியலறையில குழந்தைத் துணி ஊறுது பாருங்க," என்றாள் அவள் தட்டுவதை நிறுத்தாமல். "அலசிக் காயப்போட்டுட்டு வாங்க, தரேன்."

மொட்டை மாடியில் ஆடிட்டர் முன்பே நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் கையிலிருந்த வாளியைப் பார்த்ததும் தன் துணிகளை ஒரு பக்கமாக நகர்த்தி, கொடியில் பாதியை மாஸ்டருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.