பொறுங்க முதலாளியின் சின்னப் பெட்டி

விற்பதற்கென்று கடையைத் திறந்துவிட்டு, விற்காமல் இருப்பதற்காக நாள் முழுக்கப் பாடுபட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கண்டியில் இருந்தார். மார்க்கட்டுக்குப் பின்னால் போகிற குறுக்குத் தெருவில், டிவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டிகள் விற்றார். தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் பொறுங்க முதலாளி.

யாராவது சட்டைப் பைக்குள் கையை விட்டால் போதும். ஓடுகிற பஸ்ஸை மறிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டி, "பொறுங்க!" என்பார்.

அந்தத் தெருக் கடைகளுக்கெல்லாம் பகல் சோற்றுப் பார்சல் கொடுத்து வந்தவள் நான். பார்சலை மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் திரும்பிவிடுவேன். அவர் கடையில் மட்டும் அது முடியாது. உள்ளே ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கும். கால் புறப்பட்டாலும் காது புறப்படாது.

ஒரு நாள் குண்டசாலையிலிருந்து ஒரு தகப்பன் வந்திருந்தார்.

"முதலாளி, அந்தக் கறுப்புப் பெட்டியில ஒன்னு குடுங்க."

"பொறுங்க. வீட்டுல டிவி எத்தன?"

"ஒன்னுதான்."

"சீரியல் பாக்குறது யாரு?"

"சம்சாரம். அவங்க அம்மாவும் பாப்பாங்க."

"ரெண்டு பேரா!" முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "கறுப்புப் பெட்டி உங்க வீட்டுல ஒரு கெழமை தாங்காதுங்க. போயிட்டு வாங்க."

"நான் வாங்க வந்தேங்க!"

"அதத்தான் சொல்றேன். வாங்காம போயிட்டு வாங்க."

அந்த மனிதர் நேரே தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். அது கண்ணாடிக் கதவு போட்ட, ஏசி வைத்த பெரிய கடை. பத்து நிமிஷத்தில் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முதலாளி அவரைத் துக்க வீட்டுக்குப் போகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அப்போது சந்தையில் இரண்டு பெட்டிகளுக்குத்தான் அடிபிடி. கறுப்புப் பெட்டியில் படம் சினிமாக் கொட்டகை மாதிரி இருக்கும். சத்தமும் அப்படித்தான். ஆனால் டிவி இல்லாவிட்டால் அது ஒரு கனத்த பெட்டி, அவ்வளவுதான். சின்னப் பெட்டியில் படம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. அதை டிவியிலும் பூட்டலாம், கழற்றிக் கையில் வைத்தும் விளையாடலாம். முதலாளி நீதியானவர். இரண்டின் நல்லது கெட்டதையும் மறைக்கமாட்டார். "கறுப்புக்கு டிஸ்க் இருக்கு. ஆடி முடிச்சா கைமாத்தி விடலாம். சின்னதுக்கு கேம் வெல எறங்கவே எறங்காது. ஒத்துக்கிறேன்" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அக்கா, பெட்டிக்குப் போட்டி பெட்டி இல்ல. சீரியல்!" என்பார்.

சித்திரை வருஷப் பிறப்பு வியாபாரம் நெருங்கியபோது வந்தது சோதனை. கொழும்பில் சாமான் தருகிறவர், இந்தத் தடவை ஏதாவது ஒரு வகைதான் தரமுடியும், எது என்று சொல்லுங்கள் என்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து, கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரரும் வந்தார். வருஷப் பிறப்புக்குள் கடையில் நாலு சனம் நிற்கவில்லை என்றால், அந்த அறையை எதிர்க்கடைக்காரருக்குச் சாமான் அடுக்கக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

கடையில் முதலாளிக்குக் கூடமாட நிற்கிற அவருடைய மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், ஊரே கறுப்பத்தான் கேக்குது. கண்ண மூடிக்கிட்டு எடு!"

"ஊரு கேக்கும். ஊரோட அம்மாமாரு திருப்பிக் கொண்டாருவாங்க" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, ஒங்க வீட்டுல வச்சுத்தான் பரீட்ச."

என் வீட்டில் நானும் தங்கச்சி பார்வதியும் மட்டும். சீரியல் ஓடும்போது வீடு தீப்பிடித்தாலும் பார்வதி விளம்பரம் வரும்வரை எழும்பமாட்டாள். அது தெரிந்துதான் அவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு பெட்டியையும் சுமந்துகொண்டு பின்னேரம் வந்தார். கறுப்புப் பெட்டியை டிவியில் பூட்டிக் கார் ரேஸ் ஓட்டத் தொடங்கினார். வீடு அதிர்ந்தது. சீரியல் நேரம் வந்ததும் பார்வதி எழுந்து போய் வயரைப் பிடுங்கினாள்.

"மாமியார் ஜெயில்ல இருந்து வார நாளு இன்னைக்கி. ஒங்க காரு நாளைக்கி ஓடட்டும்."

"பாத்தீங்களா! செத்துப்போச்சு!" என்று முதலாளி கை தட்டினார். பிறகு சின்னப் பெட்டியை என் மடியில் வைத்தார். முந்தானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். முதலில் சுவரில் மோதினேன். அடுத்துக் கடலுக்குள் போனேன். அப்புறம் ஒரு வளைவு கைக்குப் பிடிபட்டது. தலை நிமிர்ந்தபோது மாமியார் ஜெயிலிலிருந்து வந்து, மருமகளை வீட்டை விட்டுத் துரத்தியும் முடிந்திருந்தது.

மறுநாள் காலை அவர் கொழும்புக்குப் போன் போட்டார். "எல்லாம் சின்னது. ஆமா, எல்லாமே!"

சின்னப் பெட்டிகள் வந்து கூரை வரை அடுக்கப்பட்டன. சனம்தான் வரவில்லை. எதிர்க்கடைக்காரர் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைத்துக் கறுப்புப் பெட்டியை ஓட விட்டிருந்தார். தெருவில் நடக்க வழியில்லாமல் அங்கே கூட்டம். இங்கே முதலாளி ஈ ஓட்டினார். வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் கட்டடக்காரர் அளவு நாடாவோடு வந்து, முதலாளியையே ஒரு பக்கம் ஒதுங்கச் சொல்லிவிட்டு அறையை அளந்தார்.

அன்று பார்சல் பிரிக்காமல் மேசையிலேயே கிடந்தது.

"சாப்பாடு சரியில்லையா தம்பி?" என்றேன். அந்தக் கடையில் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பாட்டுல கொறையில்லக்கா. நான் சொன்னத நான் இன்னும் நம்புறேன். கேக்கத்தான் ஆளில்ல."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பேச்சுக் கொடுத்தாலே வெளியே பார்த்துக்கொள்கிற நான், "அந்தக் கதிரையத் தூக்கி வாசல்ல போடுங்க" என்றேன். சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தெருவைப் பார்க்க உட்கார்ந்தேன். முந்தானைக்குள் ஒளிக்கவில்லை.

"என்னா ஆச்சி, பேரனோடதப் புடுங்கிட்டு வந்தீங்களா?" என்று ஒருத்தன் சிரித்தான்.

"இது நான் ஓட்டுற காரு. தள்ளி நில்லு, வெளிச்சம் மறையுது."

பின்னேரம் வழக்கம்போல இடி இடித்தது. மழை கொட்டியது. மேல் தெருவில் டிரான்ஸ்போமர் வெடித்துத் தெரு முழுக்கக் கரண்ட் போனதாம். சுவர் அகலத் திரை அணைந்து, அங்கே நின்ற கூட்டம் "ஐயோ" என்றதாம். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கடைசிச் சுற்றில் இருந்தேன், முன்னால் ஒரே ஒரு மஞ்சள் கார்தான். அதை முந்திவிட்டுத் தலையைத் தூக்கினால், நனைந்த தலையோடு ஒரு கூட்டம் என்னைச் சுற்றி நிற்கிறது. இருட்டில் என் மடி மட்டும் வெளிச்சமாக இருந்திருக்கிறது.

"இது கரண்ட் இல்லாமயும் ஓடுமா?" என்று கேட்டார் கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு அம்மா.

"ஓடும்."

"நம்மளுக்கும் வெளங்குமா?"

"எனக்கே வெளங்குது."

அவர் கைப்பையைத் திறந்தார். உடனே முதலாளி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். "பொறுங்க! வீட்டுல டிவி எத்…"

"தம்பி, நீங்க பொறுங்க! குடுங்க அவங்களுக்கு!"

தெருவில் அவ்வளவு சத்தமாக ஒருவர் கத்தினார். அது நான்தான். தெருவே சிரித்தது. முதலாளி நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அதே கையால் ஒரு பெட்டியை இறக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மச்சானுக்குப் பெட்டி இறக்கி மாளவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்ற கட்டடக்காரர், சட்டைப் பையில் அளவு நாடாவோடு, தன் மகளுக்கும் ஒன்று வாங்கினார். அறையைப் பற்றிப் பிறகு அவர் பேசவேயில்லை.

முதலாளிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "கரண்ட் போனதுக்காக வாங்குறாங்கக்கா. காரணம் தப்பு" என்றார். வாங்கிய ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்து, சீரியல் விளக்கத்தை முழுக்கச் சொன்ன பிறகுதான் பையைக் கையில் கொடுத்தார்.

இப்போது கடை மச்சானிடம் இருக்கிறது. முதலாளி தெல்தோட்டைப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். முழங்கால் சொல்வதைக் கேட்டு நானும் பார்சலை நிறுத்திவிட்டேன். நேற்று அவரிடமிருந்து போன்.

"அக்கா, சின்னப் பெட்டியில புதுசு வந்திருக்கு. பொறுங்க, அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. பழசவிட என்னா லாபம்னு ஞாயித்துக்கெழம நானே வந்து பாத்துச் சொல்றேன்."

"சரி தம்பி" என்றேன். அவருக்குப் பிடித்த பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்குப் பார்வதியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புதுப் பெட்டி எதுவும் வாங்குகிற எண்ணம் எனக்கு இல்லை. அதைச் சொன்னால் அவர் வரமாட்டாரே.