குறை சொல்லத் தெரியாத மொழி

கார்காலம் ஓசையின்றி நகரின்மேல் இறங்கியிருந்தது. சூல்கொண்ட மேகங்கள் அடுக்குமாடிகளின் தோளில் சாய்ந்து, பொழியவும் மனமின்றி, போகவும் மனமின்றி நின்றன. சன்னல் கண்ணாடியில் பாதி வழி இறங்கிய துளியொன்று, துணைக்கு மற்றொன்று வரட்டும் என்று தங்கியிருந்தது. நம் முன்னோர் இப்பருவத்தைக் காத்திருத்தலுக்கு உரியதாக வகுத்தனர். காத்திருப்பவர் குறை சொல்வார் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அதற்குத் தீர்வு காணும் பெருமையை மட்டும் எங்கள் மின்தூக்கி நிறுவனத்துக்கு விட்டுவைத்தனர்.

உலக மொழிகள் யாவும் தாமாக வளர்ந்தவை. அதுவே அவற்றின் பெருங்குறை. குளிரூட்டிய அறையில், தேநீர் இடைவேளைகளோடு, இயக்குநரின் ஒப்புதல் பெற்றுப் பிறந்த மொழி எங்கள் 'நலமொழி' ஒன்றே.

மழைக்காலத்தில் எங்கள் மின்தூக்கிகள் அடிக்கடி நடுவழியில் நிற்கும். புகார்கள் குவியும். பொறியாளர்கள் பழுது பார்க்கலாம் என்றார்கள். இயக்குநர் தொலைநோக்கு உடையவர்.

"ரிப்பேர் பண்ணா அந்த ஒரு லிஃப்ட்தான் சரியாகும். புகார் ஏன் வருதுன்னு யோசிச்சீங்களா? புகார் பண்ண வார்த்தை இருக்கு. அதனால வருது."

பழம்பாடல்களிலும் துதிப்பாடல்களிலும் ஊறியவன் என்பதால் மொழியாக்கக் குழுவின் தலைமை எனக்கு வாய்த்தது. முதலில் ஒலிகளைத் தேர்ந்தேன். வல்லினம் முழுவதையும் நீக்கினேன். மனிதர் பல்லைக் கடிக்க அதுவே துணை நிற்கிறது. எஞ்சியவை தாலாட்டுக்கும் பொருந்தும் மெல்லொலிகள். இலக்கணத்தில் இறந்தகாலம் இல்லை. நடந்ததைக் கிளறுவது நாகரிகமன்று. மறுப்பு இல்லை. எல்லாமே தெளிவாக இருப்பதால் வினாவும் இல்லை.

சொல்வளத்துக்குச் சில சான்றுகள். மேலே செல்வது 'லமயா'. கீழே வருவது 'மெல்ல லமயா'. இரு தளங்களுக்கு நடுவே நின்றுவிடுவது 'லமயாலீ'. அதாவது, 'ஏற்றத்தின் நடுவே இனிய ஓய்வு'. இச்சொல்லை நான் முன்மொழிந்தபோது குழு எழுந்து நின்று கைதட்டியது.

எல்லா மின்தூக்கிகளின் உட்சுவரிலும் நலமொழி அட்டை ஒட்டப்பட்டது. வேறு மொழியில் வரும் அழைப்புகள் 'அழைப்பு' எனக் கருதப்படா. கருதப்படாத அழைப்புக்குப் பழுதுபார்ப்பவர் அனுப்பப்படார். முதல் மாதமே புகார்கள் அடியோடு நின்றன. நிறுவனத்தில் இனிப்பு வழங்கப்பட்டது.

நலமொழி அறிந்தவர் குறைவு என்பதால் தொலைபேசியையும் நானே எடுத்தேன். ஒருநாள் முற்பகலில், இயக்குநர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மேற்பார்வையிடும் வேளையில், மணி ஒலித்தது.

"அத்தான், நான்தான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல."

என் மனைவியின் தம்பி. அந்தக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் பதிவாளர் அலுவலகம். அங்கே அன்று அவனுக்குத் திருமணம். மணமகள் பல் மருத்துவர், பொறுமை குறைந்தவள். ஏற்கெனவே ஒருமுறை இவன் தேதியைத் தள்ளிப்போட்டிருந்தான். இம்முறை பதிவாளர் நண்பகலில் எழுந்து போவதற்குள் வராவிட்டால் தன்னை மறந்துவிடலாம் என்று அவள் அறிவித்திருந்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, நலமொழியில் தெரிவிக்கவும்" என்றேன்.

"என்ன அத்தான், ஐயாங்கிறீங்க? உங்க மச்சான் பேசறேன்."

"சுவரில் அட்டை இருக்கும்."

"இருக்கு. லமயான்னா மேல போகுதாம். மெல்ல லமயான்னா கீழ வருதாம். இது ரெண்டும் செய்யல. அப்புறம் லமயாலீ... இனிய ஓய்வா? யாரு அத்தான் இத எழுதினது?"

"ஒரு குழு" என்றேன், அடக்கத்துடன்.

"அந்தக் குழுவக் கொண்டாந்து இதுக்குள்ள அடைக்கணும்."

வல்லினம் மிகுந்த வாக்கியம், கருதப்படவில்லை. வேறு வழியின்றி அவன், "சரி, லமயாலீ. போதுமா? லமயாலீ, லமயாலீ" என்றான்.

"மூணு தடவ சொல்றார். பாராட்டுன்னு போட்டுக்குங்க புலவரே" என்றார் இயக்குநர்.

அடுத்த அழைப்பு மணமகளுடையது.

"கீழ வந்துட்டேன்னு சொன்னார். ஆளக் காணோம். உங்க லிஃப்ட்ல யாராவது இருக்காங்களா?"

வெளியாருக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொல்ல விதி இடம் தருகிறது. "ஏற்றத்தின் நடுவே இனிய ஓய்வில் இருக்கிறார்" என்றேன்.

"ஓய்வா? இன்னிக்கா?"

"அவரே தம் வாயால் சொன்னார்."

"யாராவது பிடிச்சு வச்சிருக்காங்களா, இல்ல அவரா வரமாட்டேங்கிறாரா?"

வினாவும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில். நலமொழியில் இதற்கு விடையே கிடையாது.

"புரியுது. நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுங்க. நான் கிளம்பறேன்."

செருப்போசை விலகிச் செல்வது கேட்டது. மறுமுனையில் வேறு யாரோ தொலைபேசியை எடுத்தார்கள். திருமணத்துக்குப் போயிருந்த என் மனைவி.

"என்னங்க, அவ படியிறங்கிப் போறா. என் தம்பி எங்க? ஒழுங்கா சொல்லுங்க."

பின்னால் இயக்குநரின் மூச்சு என் பிடரியில் பட்டது.

"மாட்டிக்கிட்டுக் கிடக்கான். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. அவளப் போகவிடாத, கையப் பிடிச்சு நிறுத்து. காவலாளியக் கூப்பிட்டுக் கதவ நெம்பச் சொல்லு."

நெம்பினார்கள். மைத்துனன் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு தவழ்ந்து வெளியே வந்தான். படியில் நின்றிருந்தவளைக் கண்டதும், "ஓய்வெடுக்கல, சத்தியமா" என்றானாம். "வாய மூடிட்டு மேல வா" என்றாளாம் அவள். பதிவாளர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே கையொப்பம் வாங்கினார்.

இங்கே இயக்குநர் என்னை நோக்கிக் குனிந்தார்.

"நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்."

"நலமொழியில் அதற்குச் சொல் இல்லையே, சார்" என்று பணிவுடன் நினைவூட்டினேன்.

"நலமொழி அவங்க பேசறதுக்கு. நமக்குத்தான் நம்ம மொழி இருக்கே" என்றார்.

அன்று மாலை கைகால் கழுவி, விளக்கேற்றி, அதன்முன் அமர்ந்தேன். பழைய துதியொன்றை ஒரு வல்லினத்தையும் விழுங்காமல் மெதுவாகச் சொல்லி முடித்தேன். பிறகு கண்மூடி வேண்டிக்கொண்டேன்:

எங்கள் இயக்குநர் நீடு வாழ்க. அவர் மேன்மேலும் உயர்க. அவரை உயர்த்துபவை யாவும் எங்கள் நிறுவனத்து மின்தூக்கிகளாகவே அமைக. அவை நடுவழியில் நிற்குந்தோறும், அவர் நாவில் நலமொழி ஒன்றே நிலைத்து நிற்க.