அத்தை திரையில் வந்த இரண்டு நொடி

கோபம் வந்தால் உட்கார்ந்துகொண்டே கோபப்படத் தெரியாதவள் நான். எழுந்து நின்றால்தான் எனக்குக் கோபமே முழுசாக வரும். வீட்டிலும் பேங்க்கிலும் பஸ்ஸிலும் இதனால் பெரிய சேதாரம் இல்லை. தியேட்டரில்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கும் குமரனுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்த சமயம். அவருக்குக் குத்தாலத்தில் உரக்கடை. நான் கும்பகோணத்தில் ஒரு பேங்க்கில் கிளார்க். எனக்கு ஆபீசர் பிரமோஷன் வந்தது, கூடவே நாக்பூருக்கு மாற்றல். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். கல்யாணம் நிச்சயமான பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். (மாப்பிள்ளை யாராவது எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.) என் அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டு என்னைப் படிக்கவைத்தவள். "யோசிக்காத, கெளம்பு" என்றாள். குமரன்தான் இழுத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மலர். அம்மாவுக்குத்தான் பிடிக்காது."

சனிக்கிழமைக்குள் நான் பேங்க்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். புதன்கிழமை குமரன் போன் செய்தார். "மாயவரத்துல ஒரு படம் ஓடுது. காதல் காமெடி. நாளைக்கு லீவு போட்டுட்டு வந்து பாரு, உனக்கே ஒரு தெளிவு வரும்."

தெளிவு! அந்த வார்த்தையைக் கேட்டபோதே போனை வைத்திருக்க வேண்டும்.

நிச்சயமானவர்கள் துணையில்லாமல் படத்துக்குப் போக எங்கள் பக்கம் இன்னும் விடமாட்டார்கள். துணைக்கு ஒரு ஆள் வந்தால் போதும். அன்று ஒரு வேன் நிறைய வந்தது. குமரனின் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இறங்கினார். மேட்னி ஷோவுக்கு எதற்குப் பட்டு என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நானும் குமரனும் முன்னால் உட்கார, எங்களைக் கண்காணிக்க வசதியாக அத்தை சரியாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

படத்தின் நாயகிக்கு லண்டனில் பெரிய வேலை. அதைவிடப் பெரிய வேலைக்கு ஆர்டர் வருகிறது. நிலத்தை விற்க ஊருக்கு வருகிறாள். டிராக்டரில் வந்த நாயகன், "இவ்ளோ ஓடி என்னத்தக் கண்ட?" என்கிறான். உடனே வாழ்க்கையை மறுபரிசீலனை செய்ய ஆரம்பித்துவிடுகிறாள்! அவன் எதையும் பரிசீலனை செய்யவில்லை. செய்ய அவனிடம் என்ன இருக்கிறது, ஒரு டிராக்டரும் தாடியும்தானே. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. குமரன் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து, தெளிவு வந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் ஆர்டரைக் கிழித்துக் காற்றில் விட்டாள். அப்படியே வயலில் இறங்கினாள். பெண்கள் வரிசையாக நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். இவளும் நாற்றை வாங்கி, கட்டு முழுவதையும் ஒரே இடத்தில் சொருகி, முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். முன்னால்! நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்வார்கள் என்பது எங்கள் ஊர் கொக்குக்குக்கூடத் தெரியும்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஏய்! நட்டதை நீயே மிதிக்கிறியேடி! சேத்துப்புண்ணு வந்து காலு நமநமன்னு அரிச்சாத்தான் தெரியும் உனக்கு! கிழிச்ச ஆர்டரப் பொறுக்கி எடுத்துக்கிட்டு ஓடுடி லண்டனுக்கு!"

தியேட்டரில் விசில் பறந்தது. குமரன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ, போச்சே! எம்மூஞ்சி போச்சே!"

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த வயல் குமரனின் மாமாவுடையது. ஷூட்டிங் நடந்தபோது அத்தையையும் நடவு வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் முகம் மட்டும் தனியாக இரண்டு நொடி வருமாம். அந்த இரண்டு நொடியைத்தான் நான் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, தியேட்டரில் வேறு படம். இந்தப் படத்தை அதற்குமேல் ஓட்ட யாருக்கும் மனமில்லை.

படம் விட்டதும் முறுக்கு விற்கும் இடத்தில் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "பைத்தியமாடி உனக்கு? ஏன் எந்திரிச்ச?"

"உங்களாலதான் அத்தை! நாக்பூர் வேலைய நான் விடணும்னு நீங்கதானே சொல்றீங்க?"

"நாக்பூரா? என்ன வேலை?"

குமரன் முறுக்கு வாங்குவதில் திடீரென்று அக்கறை காட்டினார்.

"டேய், இங்க வாடா. நான் எப்படா சொன்னேன்?"

"அம்மா, அது வந்து..."

நான் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன். கோபத்தில் விரல் வீங்கியிருந்ததோ என்னவோ, அசையவில்லை. "சோப்பு போட்டாத்தான் வரும். அவன் மொதல்ல பதில் சொல்லட்டும், அப்புறம் கழட்டிக்க" என்றார் அத்தை.

மொத்த வேன் கூட்டமும் சுற்றி நின்றது. குமரன் தரையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குத்தான் பயமா இருந்துச்சு. இவ ஆபீசராப் போயிட்டா, புருஷன் என்ன பண்றான்னு கேப்பாங்க. உரக்கடைன்னு சொல்லணும்."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தன் பயத்தைப் பெற்ற தாய் தலையில் கட்டினாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"நீ நாக்பூருக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. "ஆனா எம்மூஞ்சிய மறைச்சதுக்கு உன்ன மன்னிக்க மாட்டேன்."

போனேன். மோதிரமும் கூடவே வந்தது, பிறகு கல்யாணமும் நடந்தது. அத்தை சொன்னபடியே இன்னும் மன்னிக்கவில்லை. படம் செல்போனில் கிடைக்கிறதுதான். "சுவர் அளவு வந்திருக்க வேண்டியவ, சுண்டுவிரல் அளவு தெரியறேன்" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் காட்டி என்னை முறைப்பார். குமரனால் "அம்மாவுக்குப் பிடிக்காது" என்று கத்திரிக்காயைப் பற்றிக்கூடச் சொல்ல முடியாது. "எந்த அம்மாவுக்கு?" என்று குடும்பமே கோரஸாகக் கேட்கும்.

போன மாதம் அடுத்த பிரமோஷன் வந்தது. இந்த முறை குவாஹாத்தி. லீவில் குத்தாலம் வந்திருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். குமரன் வெகு நேரம் ரசஞ்சாதத்தைப் பிசைந்தார்.

"எனக்குப் பிடிக்கல" என்றார். "எனக்குத்தான். வேற யாருக்கும் இல்ல. நீ போ."