ஒபேராவிலிருந்து வந்த விருந்தாளி

லா சப்பல், பாரிஸ்

பெருமதிப்புக்குரிய பெரியத்தானுக்கு மைத்துனன் மகேந்திரராசா வணக்கத்துடன் எழுதுவது. நானும் தில்லைநாயகியும் மகள் சுபாங்கியும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை கூசுகிறது. தொலைபேசியில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். சொன்னால் முன்னறையில் இருப்பவருக்குக் கேட்கும்.

சுபாங்கி இங்கத்தே ஒபேரா என்னும் இசைநாடக அரங்கின் கோரஸ் குழுவுக்குக் குரல் தேர்வு கொடுக்கவிருப்பது உங்களுக்குத் தெரியும். "அப்பா, நான் பாடப்போற இடத்தை ஒருக்காப் பாருங்கோ" என்று போன மாதம் ஒரு பகல் காட்சிக்கு என்னைக் கூட்டிப்போனாள். மலிவான இடம், பெட்டி மாதிரி ஒரு சின்ன மாடம், மேடையில் பாதிதான் தெரியும், பாடியவர்கள் எல்லாரும் மற்றப் பாதியில் நின்றார்கள். இடைவேளையில் மகள் வெளியே போக, பக்கத்து நாற்காலியில் பச்சைப் பட்டு கவுனும் கையுறையுமாக ஒரு பிரெஞ்சு அம்மா இருந்தார். அந்தக் காலத்தில் இந்த மாடங்களுக்கு வருகிறவர்கள் பாட்டுக் கேட்க வருவதில்லை, தங்களை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் வருவார்கள் என்றார். கட்டடத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது என்றார். கூரை ஓவியம் பிற்காலத்தது, பழைய ஓவியம் அதற்குப் பின்னால் மூடிக்கிடக்கிறது, தான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடமாகக் கந்தோர்களில் அதிகாரிகள் பேசும் பிரெஞ்சே விளங்காத எனக்கு அவர் சொன்னதெல்லாம் விளங்கியது. அப்போதே எழும்பி ஓடியிருக்க வேண்டும்.

"என்னை ஒருவரும் வீட்டுக்கு அழைப்பதில்லை" என்றார் அந்த அம்மா. என் வாய் சும்மா இருக்குமா? "ஒருநாளைக்கு எங்கட வீட்டை வாங்கோ மடாம், சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றுவிட்டேன். நம்மவர்கள் இதை எதற்குச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியாதா? கேட்டவர் வரமாட்டார், சொன்னவர் மறந்துவிடுவார். இவர், "நிச்சயமாக அழைக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். ஓம் என்றேன். அந்நேரம் மகள் திரும்பி வந்து, "அப்பா, ஆரோட கதைக்கிறீங்கள்?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. அதே பச்சைப் பட்டு. திறந்தும் உள்ளே வரவில்லை. தில்லைநாயகி "வாங்கோ, இருங்கோ" என்ற பிறகுதான் படியைத் தாண்டி, லூயி-பிளாங் தெரு தெரியும் யன்னலோர நாற்காலியில் இருந்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாம் வைத்தோம். தொடவில்லை. பிறகு அதை நாங்கள் எடுத்துச் சாப்பிட்டால் ஒன்றிலும் உப்பு இல்லை. வந்திருப்பது பேய் என்பது கூடத் தில்லைநாயகிக்குப் பெரிதாகப் படவில்லை. "என்ர கறியில உப்புக் குறையெண்டு இண்டைக்கு வரைக்கும் ஆரும் சொன்னதில்லை" என்று அழுதாள்.

வந்தவர் போகவில்லை. கோயில் ஐயரைக் கேட்டேன். தன் மந்திரம் தமிழ்ப் பேய்களுக்குத்தான் என்றார். மேல்மாடியில் இருக்கும் பாண்டிச்சேரிப் பேதுரு, எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய குடும்பத்து அம்மா போல தெரியுது மிஸ்யூ, மரியாதையா நடந்துக்குங்க" என்று சொல்லிப் படியேறிவிட்டார். மகளின் கண்ணுக்கு மட்டும் அவர் தெரியவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் பாடிப் பழகுகிறாள். குரல் நாளுக்கு நாள் மெருகேறுகிறது, அத்தான். வாய் மூடியிருக்கும்போதும் கேட்கிறது. உப்பில்லாத சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள், எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலியில் இருப்பவரோ மெலிந்துகொண்டு வருகிறார். அவருக்கு ஊடாக யன்னல் சீலை தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. மகள் பாடாவிட்டாலும் பரவாயில்லை, மகளாக இருந்தால் போதும்.

ஆகையால் உங்களிடம் ஓர் உதவி. வாங்கோ என்று சொன்ன வாயால் போங்கோ என்று சொல்ல எனக்கு வரவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களைத் தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்புங்கள். அக்காவின் முழங்கால் வலி குறையவும் உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி இருக்கவும் நாளும் வேண்டிக்கொள்ளும்,

அன்பு மைத்துனன்
மகேந்திரராசா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் எழுதுகிறேன். மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். இன்று காலை எழும்பிப் பார்த்தால் நாற்காலி வெறுமையாக இருந்தது. மத்தியானம், தேர்வுக்குப் போயிருந்த சுபாங்கி தெரிவாகிவிட்டாள் என்று தகவல் வந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயசம் வைத்தோம். பின்னேரம் கதவு மணி அடித்தது. திறந்தால், மகள். வீட்டுச் சாவி கையில் இருக்கிறது, ஆனாலும் படியைத் தாண்டாமல் நிற்கிறாள். என்னைப் பார்த்து, "அப்பா" என்னாமல், "மிஸ்யூ" என்று தலை சாய்த்தாள். நான் தடுக்குமுன் தில்லைநாயகி, பழக்கதோஷம், "வாங்கோ, இருங்கோ" என்றுவிட்டாள். இப்போது யன்னலோரம் அதே நாற்காலியில் இருக்கிறாள். பாயசத்தில் இனிப்பில்லை. நாளைக்கு ஒபேராவில் அதே மாடத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். அந்த அம்மா இருந்த நாற்காலியில் என் பிள்ளை இருப்பாள். "வீட்டை வா, பிள்ளை" என்று கூப்பிடப் போகிறேன். இந்த முறை ஒப்புக்குச் சொல்லமாட்டேன்.