தேவானை வீட்டுக் கலர் எறும்பு

மனிதர்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு ஓர் அலுவலகம் உண்டு. எறும்புகள் எங்கே குடியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பதற்கும் ஓர் அலுவலகம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. சைதாப்பேட்டைத் தேவானையின் வீட்டு வாசலில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டன.

தேவானையின் வீடு அடையாற்றங்கரைச் சந்தில் இருந்தது. சாயங்காலமானால் வாசலில் அடுப்பு மூட்டி, நெத்திலி, கடம்பா என்று மீன் வறுத்து விற்பாள். புருஷன் நாகராஜுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வேலை. கரையோர வீடுகளை இடித்துவிட்டு, சந்து மொத்தத்தையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவது என்று உத்தரவாகிவிட்டது. "எட்டாவது மாடி, நல்லா காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் உத்தரவு கொண்டுவந்தவர். எட்டாவது மாடியில் மீனை வறுத்து யாருக்கு விற்பது? காக்காய்க்கா? தேவானை அழுதுகொண்டே பாத்திரங்களை மூட்டை கட்டினாள். ஆனால் அடுப்பை மட்டும் அணைக்கவில்லை. கடைசி நாள் வியாபாரத்தை விடுவாளா?

அன்றைக்கு நெத்திலி தின்ன வந்தவர் பஞ்சாட்சரம், சிற்றுயிர் வகைப்பாட்டு வாரியத்தின் துணை அலுவலர். இரண்டாவது வாய் போடும்போதே "ஆ!" என்று துள்ளினார். காலைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு அப்படியே தரையில் மண்டி போட்டுவிட்டார்.

"மன்னிச்சுக்க சார்," என்று ஓடிவந்தாள் தேவானை. "கலர் எறும்பு. சொவுத்துல பொந்து வச்சிக்கினு கீது. இதோ மருந்து தூவிட்றேன்."

"மருந்தா? அம்மா, இது மேல கைய வச்சீங்கன்னா ஜாமீன்கூடக் கிடைக்காது!"

எறும்புக்கு முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் சிவப்பு. உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றார் பஞ்சாட்சரம். மறுநாள் காலையில் புல்டோசர் வந்தபோது, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார். வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

வாரியத்துக்குள் பெரிய சச்சரவு. கறுப்பு எறும்புகளுக்கு மயிலாப்பூரில் ஒரு பிரிவு, சிவப்புக்குத் தி.நகரில் ஒரு பிரிவு. தலை கறுப்பு, ஆகவே எறும்பு எங்களுடையது என்றது மயிலாப்பூர். உடம்பில் பெரிய பங்கு பின்புறமே என்று சுட்டிக்காட்டியது தி.நகர். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு சமரசம் பிறந்தது: எறும்பு பொந்திலிருந்து வெளியே வரும்போது மயிலாப்பூரின் பொறுப்பு, உள்ளே போகும்போது தி.நகரின் பொறுப்பு. குறுக்கே நடந்தால் இரு பிரிவும் கூடிப் பேசும்.

பிறகு அறிக்கை வந்தது. "பரவல்: தேவானை வீட்டுச் சுவர். வாழிடம்: மேற்படி சுவர். உணவு: மேற்படி தேவானை சிந்தும் வறுவல் தூள். ஆகவே மேற்படி தேவானையும் வாழிடத்தின் பிரிக்கவியலாத அங்கமாவார். அவரை அப்புறப்படுத்தலாகாது."

"நாம பொறந்து வளந்த எடம்னு கத்துனோம், ஒருத்தனும் கேக்கல," என்றான் நாகராஜ். "எறும்பு கீதுன்னதும் சல்யூட் அடிக்கிறானுங்க."

"கம்முனு கெட. இப்போ நாம எறும்புக்கு சொந்தக்காரங்க."

பக்கத்து வீட்டு முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யக்கா, எங்க வூட்டுக்கும் ரெண்டு எறும்பு குடேன்." தேவானைக்கு மனசு கேட்கவில்லை. கொட்டாங்கச்சியில் எறும்பைப் பிடித்து, மேலே ஒரு சிட்டிகை வறுவல் தூள் தூவி, தாம்பூலம் கொடுப்பதுபோல் வீட்டுக்கு வீடு கொடுத்தாள். சந்து முழுக்கப் பிழைத்தது.

அதோடு நின்றிருந்தால் எறும்பும் எறும்பாகவே இருந்திருக்கும். செய்தி பரவி, அடையாறு அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் எறும்பு வாங்கக் காரில் வந்து இறங்கினார்கள். வரவேற்பறையில் கண்ணாடிக் குழாய் போட்டுக் கலர் எறும்பு வளர்ப்பது நாகரிகமாயிற்று. "உங்க வீட்ல இன்னும் சாதா எறும்புதானா?" என்று விருந்துகளில் பரிதாபமாகக் கேட்டார்கள். மயிலாப்பூர் மாமி ஒருத்தி தேவானையிடமே வந்து, "எங்காத்துல அது சர்க்கரைப் பொங்கல் தின்னுண்டு சுத்த சைவமாயிடுத்து, தெரியுமோ?" என்று பூரித்துப்போனாள்.

எறும்புக்கு மட்டும் புத்தியில்லையா? நெத்திலித் தூளையும் நெய்ப் பொங்கலையும் பாதாம் கேக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க அதற்கும் தெரியும். வரிசை வரிசையாக வசதியான பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் காலையில் தேவானை சுவரைப் பார்த்தாள். காலி. வெல்லம் வைத்தாள், கருவாடு வைத்தாள், "வாம்மா, வாடா கண்ணு" என்று பொந்தில் வாய் வைத்துக் கூப்பிட்டாள். சந்து முழுக்க ஒரு கலர் எறும்புகூட இல்லை. ஐயோ, வீடு போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் புல்டோசர் உறுமியது. முன்னால் பஞ்சாட்சரம்.

"எறும்பு இருக்காம்மா?"

தேவானை துணிந்து புளுகினாள். "இல்லாம எங்க போவும்? சொவுரு பூரா கீது சார்! ராத்திரில தூங்க வுடமாட்டுது!"

பஞ்சாட்சரம் பெருமூச்சு விட்டு டிரைவரிடம் திரும்பினார். "இடிச்சிடுப்பா."

"இன்னா சார் அநியாயமா கீது! எறும்பு கீதுன்றேன், இடின்றியே?"

"அதனாலதாம்மா. அடையாறுல எல்லார் வீட்டுலயும் புகுந்து படுக்க விடாம கடிக்குது. நேத்து சாயங்காலம் அரிய உயிரினத்துலேர்ந்து அபாய உயிரினமா மாத்திட்டோம். அது இருக்கற கட்டடம் எதுவும் நிக்கக்கூடாது. நானே கையெழுத்துப் போட்டேன்."

"அப்போ இல்ல சார்! சத்தியமா ஒண்ணுகூட இல்ல!"

"முதல்ல சொன்னதுதான் வாக்குமூலம்."

நாகராஜ் குறுக்கே வந்து நின்றான். "வாக்குமூலமா சார் கடிக்குது? ஷூவ கழட்டிட்டு சொவுத்தாண்ட நில்லு. கடிச்சா இடி."

விஞ்ஞான முறைதான் என்று பஞ்சாட்சரத்துக்கும் பட்டது. வெறுங்காலோடு நின்றார். சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கட்டைவிரலைப் பார்த்தது. சற்றுமுன்வரை எறும்பே வா வா என்று வேண்டிய தேவானை, இப்போது வந்துடாதே தாயே என்று வேண்டினாள். ஒரு எறும்பு வந்தது. தேவானை சுவரைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சாட்சரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது சாதா," என்றார்.

சந்து போட்ட விசிலில் பாலத்து மேல் போன பஸ்ஸே நின்று பார்த்தது. கலர் எறும்பற்ற பகுதி, இங்கே எதையும் இடிக்கலாகாது என்று அங்கேயே அறிவித்துவிட்டார் பஞ்சாட்சரம்.

"அப்போ வண்டிய எங்க வுடறது சார்?" என்று கேட்டான் டிரைவர்.

"எறும்பு அதிகமா எங்க இருக்கோ அங்க."

எறும்பு அதிகமாக இருந்த இடம் வாரியத்து அலுவலகமும் அதை ஒட்டிய அலுவலர் குடியிருப்பும். இத்தனை நாளும் பஞ்சாட்சரம் தினம் தினம் நெத்திலி பார்சல் வாங்கிப்போன இடம் அல்லவா? உத்தரவென்றால் உத்தரவு. புல்டோசர் அந்தப் பக்கம் திரும்பியது.

அடுத்த வாரம் பஞ்சாட்சரம் கையில் இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அந்த மயிலாப்பூர் மாமி, அவளுக்குப் பின்னால் பாதி அடையாறு. நகரத்தில் கலர் எறும்பற்ற பகுதி இது ஒன்றுதானே?

"தேவானையம்மா, இந்தச் சந்துல ஒரு போர்ஷன் கிடைக்குமா?"

தேவானை அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

"நீங்க இந்த ஏரியாவுக்கு பூர்வீகமா சார்?"

"இல்லம்மா..."

"எறும்பு கீற வூட்லேர்ந்து வர்றீங்க. இன்னா வகைன்னு பாக்காம எப்டி உள்ள வுடறது? பெரும்பாக்கத்துல எட்டாவது மாடி காலியா கீதாம். நல்லா காத்து வரும்."

"அம்மா, கொஞ்சம் தயவு பண்ணுங்க."

"அத்த பாக்கற ஆபீசர் இன்னிக்கி லீவு. நாளைக்கி வாங்க."

"ஆபீசர் யாரும்மா?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டு, தேவானை நெத்திலியைப் புரட்டிப் போட்டாள்.