பீப்பாய் மோந்த மூக்கு

மாப்பிள்ளை முன்னால் என் மூக்கின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன்.

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் ஒரு கதை அளந்து வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒயின் கம்பெனியில் பீப்பாய்களை மோந்து பார்த்துத் தரம் சொன்னவன் நான் என்று. உண்மையில் நான் லேபிள் ஒட்டினேன். மோந்தவள் என் மனைவி.

காலிப் பீப்பாய்கள் கிடங்கின் ஈரத்தரையில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் துளையிலும் மூக்கை வைத்துப் பார்த்து, நல்லதற்குச் சாக்பீஸால் ஒரு கோடு, புளித்ததற்கு இரண்டு கோடு போடுவாள். மூக்கும் முழியுமாக இருப்பாள். கம்பெனிக்கு மூக்கு மட்டும் போதும் என்பதால் முழியை நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் என்னையும் மோந்து பார்க்கச் சொன்னாள். கட்டை வாசம்தான் வந்தது. ஆகா, பிரமாதம் என்றேன். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் ஸ்வெட்டர் கையிலிருந்து திராட்சையும் தேனுமாக ஒரு வாசம் வரும். அதற்காகவே நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போவேன்.

மாப்பிள்ளை அன்றைக்கு ஒரு பாட்டிலோடு வந்தார். சிங்கிள் மால்ட் விஸ்கி. பல வருஷம் சாதாரணப் பீப்பாயில் கிடந்துவிட்டு, கடைசி இரண்டு வருஷம் இனிப்பு ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியதாம். என்னென்ன வாசம் வருகிறது என்று நான்தான் சொல்லவேண்டுமாம். எனக்கோ கட்டை வாசம் தவிர எதுவும் தெரியாது. ஒரு வாரமாகச் சளி வேறு. மூக்கு வெறும் கண்ணாடி மாட்டத்தான் பயன்பட்டது.

நல்லவேளை, எல்லாம் அட்டைப்பெட்டியின் பின்னால் அச்சாகியிருந்தது. பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தேன். உலர்திராட்சை, தேன், ஆரஞ்சுத் தோல், கடைசியில் லேசாக அத்திப்பழம். நெட்டுருப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தால், கையில் துண்டோடு மனைவி நிற்கிறாள். சட்டைக்குள் துருத்திய பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

பாட்டிலைச் சமையலறைக்குக் கொண்டுபோய் அவளே இரண்டு கிளாஸில் ஊற்றி வந்தாள். குடி எனக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கிளாஸைச் சுழற்றினேன். கண்ணை மூடினேன். திராட்சையில் தொடங்கி அத்திப்பழம் வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். தன் கிளாஸில் அத்தனையும் அப்படியே இருப்பதாக மாப்பிள்ளை அசந்துபோனார். வெற்றிக் களிப்பில் ஒரு வாய் குடித்தேன்.

ஆறிப்போன டீ. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு மாமா?"

"நெஞ்சைத் தொடுது மாப்பிள்ளை."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாங்க?" என்றாள் அவள்.

மாப்பிள்ளை மரியாதைக்குத் தன் கிளாஸை அத்தையிடமும் நீட்டினார். அவள் மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது.

"ஒயினை எடுத்ததும் பீப்பாயைக் காயவிடலை. ஈரத்தோடயே விஸ்கியை ஊத்தியிருக்காங்க. திராட்சையும் கொடியிலேயே சுருங்கவிட்டுப் பறிச்சது" என்றாள். கிளாஸைக் கீழே வைக்க மனசு வரவில்லை அவளுக்கு. என் பக்கம் திரும்பினாள். "நம்ம கிடங்குல மூணாவது வரிசை இப்படித்தான் மணக்கும், இல்லைங்க?"

என் அடைத்த மூக்கில் எதுவும் ஏறவில்லை. ஆனால் எதிரில் நின்றது சாக்பீஸும் ஸ்வெட்டருமாக அந்தப் பெண்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நீ ஒரு கோடு போட்ட பீப்பாய் எல்லாமே அப்படித்தாம்மா மணக்கும். நான் லேபிள் ஒட்டுறதை விட்டுட்டு அங்கேயேதானே நிப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை மெதுவாக அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி இப்படி ருசி பார்ப்பார்களாம். அத்தை கட்டாயம் வரவேண்டுமாம்.

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"அவரும் வரட்டும் மாப்பிள்ளை" என்றாள் அவள். "திரும்பி வர்றப்போ வண்டி ஓட்டுறதுக்குக் குடிக்காத ஆள் ஒருத்தர் வேணுமே."